புறவாசலில் இருந்த ஸ்விட்ச்

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை, மேடம். இஞ்சி தட்டிப் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சாரல் காலத்தில் இஞ்சி இல்லாத டீயைக் குடித்தால் வெந்நீர் குடித்த மாதிரிதான் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. உட்காரவைத்து டீ வாங்கித் தருகிறீர்களே, அதுவே பெரிசு.

என் பெயர் சந்தனமாரி. காலமான குற்றாலிங்கத்தின் சம்சாரம். எங்கள் தெருவுக்குள் வந்து புண்ணாக்குக் கடைக்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கை காட்டும். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் ஆட்டோ பிடித்து வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் அந்த ஏட்டையாவிடம். நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்களே எலக்ட்ரீசியன் லிங்கேஸ்வரன், அவன் யஹ்யாவைக் கொல்லவில்லை. அவன் வயரிங்கிலும் கோளாறு கிடையாது. பாவம், நாலு நாள் தாடியோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். இப்போது உள்ளே வரும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

தெருவில் ஓடுகிற கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். லிங்கேஸ்வரனுக்கும் யஹ்யாவின் சம்சாரம் மிஸ்ரியாவுக்கும் தொடுப்பு. அதனால் குடோனில் ஃபேனை அணைத்து யஹ்யாவை மருந்து வாடையில் மயங்கிச் சாக விட்டான். அப்புறம் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஓடிவந்து தூக்கினான். எதிர்வீட்டு ஜெயபிரியா இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் போலச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அன்றைக்கு அவள் ஊரிலேயே இல்லை, மேடம். சுரண்டையில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு என்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். பார்க்காததைச் சொல்வது ஒன்றும் குற்றமில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் சொன்னால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். நேற்று மீன்காரியிடம் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். திருத்தக்கூட எனக்குத் தெம்பில்லை. அவ்வளவு அலுப்பு.

அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்குப் பின்னால் என் வீட்டுக்காரருடைய குடோன் இருக்கிறது. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அடுக்கியிருந்த இடம். அவர் போன பிறகு பூட்டியே கிடந்தது. யஹ்யா வந்து வாடகைக்குக் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரன்தான். நெடுங்காலம் சவூதியில் ஏதோ ரசாயனக் கம்பெனியில் இருந்தவன். நல்ல வேலை, ஏசி ரூம், வருஷத்துக்கு ஒருதரம் பெட்டி நிறையச் சாமான். ஒருநாள் திடீரென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து இறங்கினான். எதற்கு வந்தான் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாமல் எங்கள் தெருவில் ஒரு காரணம் இருந்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே என்ன செய்யப் போகிறான் என்று கேட்காமல் இடத்தைக் கொடுக்க நான் என்ன கூறுகெட்டவளா? போய் நின்று கேட்டேன். பழைய துணியைக் கரைக்கப் போகிறேன் என்றான்.

"யக்கா, தண்ணி பாட்டிலும் சேலையும் ஒரே சரக்குதான். ரெண்டும் பாலியஸ்டர். நீங்க இப்ப கட்டியிருக்கியள்லா, அதுவும் பாட்டில்தான்."

"ஏ, போப்பா. இத்தன நாளும் பாட்டிலையா உடுத்திக்கிட்டுத் திரிஞ்சேன்?"

"கரைச்சுக் காட்டவா?"

"கரைச்சுட்டு நான் என்னத்தக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவ?"

மிஸ்ரியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அவளும் அவனோடு குடோனில் வேலைக்கு நின்றாள். ஆள் வைத்துக்கொள்ளவில்லை.

வேலை இதுதான். குற்றாலத்துக்கு சீசனில் வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, ஊறிப்போன பனியனையும் அரைக்கால் சட்டையையும் பாறை மேலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஈர உடுப்போடு ஏறினால் வேன் டிரைவர் ஏசுவான். அந்தத் துணியைக் கூட்டி அள்ளுகிறவர்கள் மூட்டையாகக் கட்டி வைப்பார்கள். எண்ணெய்ச் சிக்குப் பிடித்து, பாசி நாறும் அதை வேறு எவனும் தொடமாட்டான். யஹ்யா வாங்கி வந்து முதல் டிரம்மில் போடுவான். அதில் ஒரு மருந்து. பார்க்கத் தண்ணீர் மாதிரி, மணம் மட்டும் தித்திப்பாக இருக்கும். எண்ணெயும் சாயமும் அதில் கழன்றுவிடும். அடுத்த டிரம்மில் வேறு மருந்து, சூடாக. வெளியே அடுப்பெரித்துக் குழாய் வழியாக வெந்நீரை டிரம்மைச் சுற்றி ஓடவிடுவான். அதில் துணி கரைந்து, கொதிக்கும் பாயசத்தில் போட்ட அப்பளம் மாதிரி காணாமல் போகும். பருத்தி மட்டும் கரையாமல் கந்தலாக மிஞ்சும். அதை வடித்து எடுத்து ஆறவிட்டால் அடியில் வெள்ளைப் பொடி படியும், கோலமாவு கணக்காக. மருந்தைத் திரும்பக் காய்ச்சிப் பிடித்து மறுபடியும் புழங்குவான். பொடியை வடக்கே ஒரு நூல் கம்பெனிக்காரன் வாங்கிக்கொண்டான். அந்தப் பொடியிலிருந்து திரும்ப நூலே செய்வார்களாம். எவனோ அருவியில் அவிழ்த்துப் போட்ட பனியன் யார் வீட்டுக் கல்யாணச் சேலையாக வரப்போகிறதோ என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது ஃபேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவியை வெளியே தள்ளுகிற ஃபேனை எல்லோரும் சுவரில் மேலே வைப்பார்கள். யஹ்யா தரையோடு ஓட்டை போட்டு வைத்தான். குடோனுக்குள் ஒரு ஸ்விட்ச் கிடையாது, ஒரு பல்பு கிடையாது. ஸ்விட்ச் தட்டினால் பொறி வரும், மருந்து பற்றிக்கொள்ளும் என்று அவனுக்குப் பயம். கூரையில் ரெண்டு கண்ணாடித் தகடு, அதில் விழுகிற வெளிச்சம்தான். அதனால் ஃபேனின் ஸ்விட்சை வெளிச்சுவரில் வைக்கச் சொன்னான். வெளிச்சுவர் என்றால் என் புறவாசல். லிங்கேஸ்வரன் வந்து பொருத்திக் கொடுத்தான். மழை படாமல் ஒரு சின்னக் கூரைகூட வைத்தான். அவனை எங்களுக்கு ஏற்கனவே பழக்கம். யஹ்யா சவூதியில் இருந்த காலத்தில் மிஸ்ரியா வீட்டு மோட்டார் அடிக்கடி மக்கர் பண்ணும், அவன்தான் வந்து பார்ப்பான்.

அந்த ஸ்விட்சை நான் தொடக்கூடாது என்று யஹ்யா சொன்னான். என்னமோ காரணமும் சொன்னான். சரியாக ஞாபகமில்லை.

மிஸ்ரியாவுக்கு அவன் போட்ட சட்டம் மட்டும் நினைவிருக்கிறது, தினமும் சொல்வான். "ஃபேனு நின்னா கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு வெளிய வந்துரணும்."

ஃபேன் சத்தம் எப்படி என்று கேட்கிறீர்களா? பஸ் ஸ்டாண்டில் நிற்கிற லாரி மாதிரி. காலையில் தொடங்கினால் சாயங்காலம் பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லும் வரை. அந்தப் பக்கத்தில் என் சமையற்கட்டு ஜன்னல். அதில் நின்றால் முன்பெல்லாம் அக்கம்பக்கத்தில் ஆறு வீட்டுப் பேச்சு காதில் விழும். யாருக்கு வாந்தி, யாருக்கு வரன், யார் வீட்டில் சோறு குழைந்துபோனது, எல்லாம். ஃபேன் வந்த பிறகு ஒன்றும் விழவில்லை. வீடே செவிடாகிப் போனது. ஒண்டியாக இருக்கிறவள் என்ன செய்வாள், மேடம்? டிவியில் எல்லோரும் ஒரே கதையைத்தான் அழுகிறார்கள்.

ஒருநாள் நிஜமாகவே கரண்ட் போனது. ஃபேன் நின்றது. சட்டப்படி ரெண்டு பேரும் வெளியே வந்து என் ஜன்னலுக்குக் கீழே இருக்கிற துவைகல்லில் உட்கார்ந்தார்கள். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இன்னைக்காவது சொல்லுங்க மச்சான். அங்கன நல்லா இருந்த வேலைய எதுக்கு விட்டுட்டு வந்தீய?"

"சொல்லுதேன்."

"இந்த சொல்லுதேனக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. ஊரெல்லாம் எங்கிட்ட கேக்கு. பொண்டாட்டிக்கே தெரியாதான்னு சிரிக்கு."

"சொல்லுதேன் புள்ள. அது ஒரு இதுவா..."

கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் கத்தத் தொடங்கியது. ரெண்டு பேரும் எழுந்து உள்ளே போனார்கள். கீரையை அப்படியே வைத்துவிட்டு நான் நின்றேன். அது ஒரு எதுவாக? அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவன் வந்த புதிதில், அங்கே அவனுக்கு ஒரு நர்சோடு பழக்கம், அது தெரிந்து துரத்திவிட்டார்கள் என்று நான் தெருவில் சொல்லியிருந்தேன். யாராவது ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். காரணம் இல்லாமல் ஒரு ஆள் தெருவுக்குள் நடமாடினால் எல்லோருக்கும் சங்கடம். ஆனால் நாளாக ஆக ஜெயபிரியா அதை வைத்தே என்னை மடக்கத் தொடங்கினாள்.

"என்ன மைனி, உங்க நர்சு ஃபிளைட்டு ஏறிட்டாளா?"

"வருவா, வருவா. விசா கெடைக்கணும்லா."

"வந்தா சொல்லுங்க. நாங்கள்லாம் ஊசி போட்டுக்கிடுதோம்."

பால் வாங்க நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்ன ஒரு சேதியைக் கேட்டு என் முன்னால் சிரித்தது அதற்கு முன் நடந்ததில்லை.

மறுநாள் காலையில் புறவாசலில் துணி காயப்போடப் போனவள் ஸ்விட்சை அணைத்தேன். வேண்டுமென்று திட்டம் போட்டுச் செய்ததாக எழுதாதீர்கள். கை போனது, அணைத்தது. ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. ரெண்டு பேரும் வெளியே வந்து துவைகல்லில் உட்கார்ந்தார்கள். உள்ளே பல்பு கிடையாது, துவைகல்லில் உட்கார்ந்தால் ஸ்விட்ச் பக்கம் கண்ணில் படாது, கரண்ட் போனதா ஸ்விட்ச் அணைந்ததா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மகளுக்கு வந்திருக்கிற வரனைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு மிஸ்ரியாவின் மாமியார் பக்கம் திரும்பியதும் நான் போய் ஃபேனைப் போட்டுவிட்டேன். மாமியார் கதை எனக்குத் தெரியும்.

அப்படித்தான் பழக்கமாயிற்று. பேச்சு ருசியாகப் போனால் கொஞ்சம் நீட்டுவேன், சப்பென்று இருந்தால் சீக்கிரம் போட்டுவிடுவேன். ஒரு விதத்தில் அவர்களுக்கும் நல்லதுதான். காலையிலிருந்து மருந்து வாடையில் நிற்கிறவர்கள், நடுவில் கொஞ்சம் வெளிக்காற்று. ஒருநாள் ரெண்டு பேருக்கும் ஜன்னல் வழியாக மோர்கூடக் கொடுத்தேன். "ஒங்களுக்குத்தான் எங்க மேல எவ்வளவு கரிசனம்க்கா" என்றாள் மிஸ்ரியா.

ஆனால் கேட்க வேண்டியது மட்டும் காதில் விழவில்லை. அவள் கேட்பாள், அவன் சொல்லுதேன் என்பான். சவூதியையே நான் வெறுத்துவிட்டேன்.

பழி எல்லாம் லிங்கேஸ்வரன் தலையில் விழுந்தது. யஹ்யா அவனை அடிக்கடி கூப்பிட்டு ஏசுவான். ஏசினாலும் எந்தச் சின்ன வேலைக்கும் அவனைத்தான் கூப்பிடுவான், கேட்டதற்கு மேலே கொடுப்பான். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"ஏலே லிங்கேசா, என்னலே வயரிங் இது? நெனச்சா ஓடுது, நெனச்சா நிக்கி."

"பாய், லைன்ல ஒரு கோளாறும் இல்ல பாய். ஸ்விட்ச புதுசாவே மாத்திட்டேன்."

"பெறவு ஏன்லே நிக்கி?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் திரும்பினான். "யக்கா, இங்கன யாரும் வாராவளா? வெளையாடுத புள்ளையள் யாராவது?"

"எனக்கு ஏதுப்பா புள்ள? சொவத்துல அணிலு ஓடுது. வேணும்னா பிடிச்சு ஒரு வார்த்த விசாரி."

யஹ்யாவும் சிரித்தான், லிங்கேஸ்வரனும் சிரித்தான். அவனுக்கு நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

இப்படியே போய், ஃபேன் நின்றாலும் யஹ்யா வெளியே வருவதை விட்டுவிட்டான். அதுதான் இதில் கஷ்டமான இடம், மேடம். நான் அதை எதிர்பார்க்கவில்லை. மிஸ்ரியா கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவாள், அவன் நகரமாட்டான்.

"நீங்க போட்ட சட்டம்தான மச்சான்?"

"சட்டம் போட்டவனுக்கு வேல முடியணும்லா. அஞ்சு நிமிசத்துல வந்துரும். எப்பவும் வருதுல்லா?"

எப்பவும் வந்தது. நான்தான் போட்டேனே. அப்புறம் அவளும் வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். எனக்கு ஜன்னலில் நின்று பயனில்லாமல் போனது. ஃபேன் அணைந்திருக்கும்போது அந்தத் தரையோட்டை நல்ல காது மாதிரி, உள்ளே குசுகுசுத்தால்கூடக் கேட்கும். ஆனால் அதற்குக் குத்தவைத்து உட்கார வேண்டும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு.

அன்றைக்கு ஆடிச் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. மலை தெரியவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தூறல் சாய்வாக அடித்தது. பொடி நனைந்துவிடும் என்று குடோன் கதவைச் சாத்தியிருந்தார்கள். காலையிலேயே குற்றாலத்திலிருந்து பெரிய லோடு வந்திருந்தது. கதவு சாத்துமுன் நான் பார்த்தபோது யஹ்யா முதல் டிரம் மூடியைத் திறந்துவைத்துக் கம்பால் துணியை இழுத்துக்கொண்டிருந்தான். மிஸ்ரியா தள்ளி நின்று மேசையில் பித்தானும் ஜிப்பும் வெட்டிக்கொண்டிருந்தாள். ஃபேன் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது. சண்டைக் குரல். வார்த்தை பிடிபடவில்லை.

அணைத்தேன். சாக்கை விரித்து ஓட்டைப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாப்ள வீட்டுல வாய விட்டே கேட்டுட்டாஹ மச்சான். பொண்ணோட வாப்பா எதுக்கு வேலைய விட்டாரு, ஏதும் கேசான்னு. நான் என்ன சொல்ல?"

"ஃபேனு நின்னுட்டு, பாரு."

"ஃபேனு கெடக்கட்டும். இன்னைக்கு நீங்க சொல்லாம நான் விட மாட்டேன்."

தித்திப்பு வாடை ஓட்டை வழியாக என் மூக்குக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் தலை லேசாகச் சுற்றியது. சாக்கை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு, முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டேன். யஹ்யா என்னிடம் என்ன சொன்னான் என்று ஞாபகமில்லை என்றேன் அல்லவா? இருக்கிறது, மேடம். "இது மேல போற புகை இல்லக்கா. தண்ணி மாதிரி தரையில தேங்கும். நிக்கவனுக்குக் கொஞ்சம் தாங்கும். குனிஞ்சவன் எந்திரிக்க மாட்டான். இந்த ஃபேனுதான் எங்க ரெண்டு பேரு உசுரு. ஸ்விட்ச நீங்கதான் புள்ளயப் பாக்க மாதிரி பாத்துக்கிடணும்." அத்தனை வார்த்தையும் இருக்கிறது. காதில் விழுந்தது எதுவும் எனக்கு மறப்பதில்லை.

அவன் குனிந்துதான் துணி இழுத்துக்கொண்டிருந்தான்.

"சொன்னா நீ கோவப்படக் கூடாது" என்றான்.

"சொல்லுங்க மொதல்ல."

"ஒன்னப் பத்தி எனக்கு அங்கன ஒரு பேச்சு வந்துச்சு புள்ள. லிங்கேசன வச்சி. மோட்டார் பாக்க வாரவன் பொழுதடைஞ்சுதான் போறான்னு. நான் நம்பிட்டேன். கையும் களவுமாப் பிடிக்கணும்னு வேலையத் தூக்கிப் போட்டுட்டு வந்தேன். வந்து பாத்தா ஒண்ணுமில்ல. மோட்டாரு நெசமாவே சரியில்ல. பெறவு எந்த மூஞ்சிய வச்சி ஒங்கிட்ட சொல்ல?"

கத்தரியை மேசையில் வைத்தது மட்டும் கேட்டது. எனக்கு நர்ஸ் ஞாபகம் வந்தது. இப்போது ஜெயபிரியாவிடம் என்ன சொல்வது என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது. மனுஷ மனது அப்படித்தானே.

அப்புறம் மிஸ்ரியா மெதுவாகக் கேட்டாள். "யாரு சொன்னா?"

"விடு."

"யாரு மச்சான்? எனக்குப் பேரு தெரியணும்."

யஹ்யாவின் அக்கா மகள் கல்யாணத்தில் பந்தியில் அவன் அக்காவோடு நான் உட்கார்ந்திருந்தேன். பேச்சு வாக்கில் சொன்னதுதான். லிங்கேஸ்வரன் வந்தால் நேரமாகிறது என்று சொன்னேன். நேரமானது உண்மை. பொழுதடைகிறது என்று நான் சொல்லவில்லை. சரி, சொல்லியிருக்கலாம். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு பேசுகிற பேச்சுக்கு ஒருத்தன் சவூதியிலிருந்து விமானம் ஏறி வருவான் என்று யார் கண்டது? அதுதான் இன்று ஜெயபிரியா வாயில் கொலைக்குக் காரணமாகி உங்கள் மேசைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. முதலில் சொன்னவள் நான். அவள் என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி சொல்கிறாள்.

ஸ்விட்ச் என் தலைக்கு மேலேதான் இருந்தது. எழுந்து கை நீட்டினால் எட்டும். போட்டால் சத்தத்தில் எனக்குத்தான் ஒன்றும் கேட்காது. உள்ளே அவன் தெளிந்துவிடுவான், அவளிடம் சொல்லிவிடுவான். போடாவிட்டால், அவன் நாக்கு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது. கம்பு கையிலிருந்து நழுவி விழுந்த சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவனால் எந்தப் பேரையும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அவன்தானே எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தான். ஆக, நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, மேடம். ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டியதுதான்.

"பக்கத்து..." என்றான். அதற்கு மேல் வரவில்லை.

தொப்பென்று விழுந்தான். "மச்சான், மச்சான்" என்று அவள் ஓடுவது கேட்டது. அவளும் குனிந்திருப்பாள். குனியாமல் எப்படித் தூக்குவது? "சந்தனமாரிக்கா! ஓடி வாங்கக்கா!" என்று கூப்பிட்டாள். எத்தனையோ பேர் இருக்கிற தெருவில் என்னைத்தான் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து, குரல் இறங்கி, இன்னொரு தடவை.

அடுப்பில் பால் வைத்திருந்தது ஞாபகம் வந்தது. உள்ளே போய் இறக்கி வைத்தேன். பொங்கவில்லை, நல்லவேளை.

லிங்கேஸ்வரன் அப்போது வராமல் இருந்திருந்தால் மிஸ்ரியாவும் போயிருப்பாள். காலையில் யஹ்யா மறுபடியும் போன் பண்ணி ஏசியிருந்தான் போல, நனைந்துகொண்டே புறவாசல் வழியாக வந்தான். ஸ்விட்ச் அணைந்திருப்பதைப் பார்த்து "யாரு ஆஃப் பண்ணுனது?" என்று கத்திக்கொண்டே அதைப் போட்டான். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே ஓடினான். முதலில் அவளை இழுத்துப் போட்டான், பிறகு அவனை. அவளுக்கு மூச்சு இருந்தது. உங்களிடம் அவன் சொன்னானே, ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது என்று, அது சத்தியம். அன்றைக்கு நீங்கள் என்னைக் கேட்டபோது, நான் கவனிக்கவில்லை, அவன் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றதைத்தான் பார்த்தேன் என்றேன். அதுவும் பொய்யில்லை. அவன் நின்றான்தானே.

பின்னே ஏன் இன்று வந்து சொல்கிறாய் என்று கேட்பீர்கள். லிங்கேஸ்வரன் மேல் இரக்கம் என்று போட்டுக்கொள்ளுங்கள். மனசாட்சி உறுத்தியது என்று ஏட்டையா ஏற்கனவே எழுதிவிட்டார் போலிருக்கிறது, அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். நேற்று சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மிஸ்ரியாவுக்கு நினைவு திரும்பிவிட்டது என்றார்கள். கஞ்சி கொண்டுபோனேன். நானே ஊட்டிவிட்டேன். தலைமாட்டில் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மிஸ்ரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தொண்டை புண்ணாகி, குரல் காற்றாகத்தான் வந்தது.

"யக்கா, அவுஹ கடைசியா ஒரு பேரு சொல்ல வந்தாஹ. நான் ஒங்களக் கூப்பிட்டேன்லா, நீங்க கிட்டத்துலதான இருந்திருப்பிய? ஒங்களுக்கு ஏதும் கேட்டுச்சா?"

"எனக்கு எங்கம்மா கேட்டுச்சு? அந்த ஃபேன் போடுத சத்தத்துல" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. அத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பதில். ஃபேன் நின்றுபோய்த்தான் அவள் புருஷன் செத்தான் என்பது அவளுக்குத் தெரியாதா? என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் கையிலிருந்து தன் விரலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். கஞ்சி பாதி மிச்சம் இருந்தது, மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று அவள் எழுந்து உட்கார்ந்து பேசுகிறாளாம், காலையில் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் சொன்னாள். மத்தியானத்துக்குள் நீங்கள் அவளிடம் வாக்குமூலம் வாங்கப் போவீர்கள் என்று கேள்விப்பட்டதும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு சேதியை இரண்டாவது ஆளாக வந்து சொல்லி எனக்குப் பழக்கமில்லை, மேடம்.